தளம் சரியில்லை என்றார் வெர்லன்

எனக்கு வாய் நீளம். ஊரில் வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோல்ட் பிராஞ்சில் இருக்கும் ஒரே மரக்கடையின் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். வெளியில் கிடக்கப்போகிற சாமானுக்கு வீட்டுக்குள் போடுகிற திருகாணியை எடுத்துக்கொண்டு எவனாவது வந்தால், "ரெண்டு மழைக்குத் துருப்பிடிச்சுப் போயிடும், எடுத்த எடத்துல கொண்டுபோய் வை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். முதலாளிக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். அப்படிப்பட்ட நான் வெர்லன் டீஸ்லியிடம் மட்டும் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். அதில் என் வீட்டுக்காரர் பிழைப்பே ஆட்டம் கண்டுவிட்டது.

வெர்லன் முப்பத்தோரு வருடம் எங்கள் ஊரில் தபால்காரராக இருந்தவர். ஆறேகால் அடி உயரம், ஒல்லி. தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தே கடிதம் கொடுத்தவர். மனிதர்களைப் பெயரால் நினைப்பதைவிட வீட்டு நம்பரால் நினைப்பதுதான் அவருக்குச் சுலபம். "இருநூத்திப் பன்னெண்டு டாக்வுட்டுக்கு மூட்டுவலியாமே" என்று மற்றவர்களிடம் விசாரிப்பார். டாக்வுட் தெருவில் அந்த நம்பர் வீடு நான்தான்.

அவர் ஓய்வு பெற்றபோது ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு பீங்கான் அடுப்பு வாங்கிக் கொடுத்தார்கள். முட்டை வடிவத்தில், மேல்பாதியைத் தூக்கித் திறக்கிற மாதிரி இருக்கும். இருநூறு பவுண்டு எடை. கரியைப் போட்டு மூடிவிட்டால் பன்றித் தோள் கறி அதுபாட்டுக்கு ராத்திரி பூராவும் வெந்துகொண்டிருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கொல்லையில் அந்த முட்டை உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அதை வைக்க மேசை வேண்டும். மேசை கடையில் கிடைக்கும். ஆனால் அந்த ஓய்வு விருந்தில் யாரோ, "எங்க வைக்கப் போறீங்க வெர்லன்?" என்று கேட்க, ஆணி அடித்தே பழக்கமில்லாத அந்த மனிதர் எழுந்து நின்று, மேசையை நானே செய்யப்போகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அவர் மனைவி மாடீனின் சமையலறைக்குள் புகுந்தார். அலமாரி தட்டு ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி ஒட்டினார். உப்பு நூற்றுப் பதினான்கில், சர்க்கரை நூற்றுப் பதினாறில். ஒருநாள் அவசரத்தில் மாடீன் சர்க்கரையை நூற்றுப் பதினான்கில் வைத்துவிட, முகவரி தப்பிப்போச்சு என்று அரை நாள் பேசாமல் இருந்திருக்கிறார். மாடீன் இதையெல்லாம் சர்ச் சபையில் பாட்டுப் பயிற்சியின்போது என் காதில் ஓதுவாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வெர்லன் கடைக்கு வந்தார். கையில் பழைய தபால் நோட்டு, அதில் மேசைப் படம். கால்களுக்கு நாலு கனத்த சட்டம், மேலே போடப் பலகை, முட்டை உட்காரும் இடத்தில் அடியில் வைக்க ஒரு கல் பலகை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் மேசை ஆடாமல் இருக்க என்ன வழி என்று கேட்டார். நாலடி நீளத்தில் ஒரு நல்ல ரசமட்டத்தை எடுத்துக் கொடுத்து, "இந்த நீர்க்குமிழி நடுவுல நின்னா எல்லாம் சரி, நகர்ந்தா ஏதோ கோணல்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்மர் முப்பத்தைந்து வருடமாக கான்கிரீட் போடுகிறவர். வெர்லன் வீட்டுக் கொல்லைத் தளம், எங்கள் தளம், ஊரில் முக்கால்வாசித் தளம் அவர் போட்டதுதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வீட்டை ஒட்டிப் போடுகிற தளத்துக்கு வாட்டம் வைக்க வேண்டும், அதாவது மழைத்தண்ணீர் சுவருக்குள் போகாமல் வெளியே வடியும்படி அந்தப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்தில் ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில் நிற்காது. நிற்கவும் கூடாது.

வெர்லனுக்கு இது தெரியாது. அவர் என்ன செய்தார் என்றால், தன் வீட்டுத் தளத்திலேயே நாலு காலையும் நிறுத்தி, ரசமட்டத்தைப் பிடித்து, குமிழி நடுவில் வருகிற மாதிரி கோடு போட்டு, கோட்டின் மேல் அறுத்துவிட்டார். மேசையின் ஒரு முனை வீட்டுப்பக்கம், மறுமுனை வெளியே. வெளிமுனைக் கால் இரண்டும் ஒன்றேகால் அங்குலம் நீளமாகிவிட்டன. அவர் வீட்டில், அந்த இடத்தில், அந்தத் திசையில் மேசை அம்சமாக உட்கார்ந்தது. குமிழி நடுவிலேயே நின்றது. வேறெங்கே கொண்டுபோய் வைத்தாலும் கோணல்தான். இதை அவரும் கவனிக்கவில்லை, வேறு யாரும் அப்போது கவனிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் கறியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மேசை, சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பலகையில் வட்டமாக வெட்டி, முட்டையை அதற்குள் இறக்கி, பக்கத்தில் கரண்டி மாட்டக் கொக்கி எல்லாம் வைத்திருந்தார். போகும்போது வழக்கம்போலச் சொன்னேன்: "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம், நன்றாக இருக்கிறது, நாங்கள் கிளம்புகிறோம் என்பதுதான். கேக்கைப் பார்த்தாலும் சொல்வோம், தைத்த போர்வையைப் பார்த்தாலும் சொல்வோம். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சொன்னவர்கள்கூட உண்டு. யாரும் செய்து கொடுத்ததில்லை. எனக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். எனக்குக் குறைவாகச் சொன்னால் மரியாதையாக இருக்காதே.

வெர்லன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து வரிசையாக நம்பர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டுக் கொல்லையில் அவருடைய பிக்கப் வண்டி வந்து நின்றது. தன் தளத்தில் அதே இடத்தில் நிறுத்தி அதே மாதிரி அறுத்த மேசை. சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முட்டை இருக்கிற பக்கத்துக்குத் தோதாக மேசையை மாற்றித் திருப்பிப் போட வேண்டியிருந்தது. நீளக் கால் இரண்டும் சுவர்ப்பக்கம் வந்துவிட்டன. ஏற்கெனவே தளம் உயர்ந்திருக்கும் பக்கம் அது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம். முட்டையைத் தூக்கி வைத்ததும் அது யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்து நின்றது.

வெர்லன் ரசமட்டத்தை மேசைமேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. அடுத்து அதை எடுத்துத் தரையில் வைத்தார். அங்கேயும் நகர்ந்தது. அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மிஸ் நெல்டா, தப்பா நெனைச்சுக்காதீங்க. தளம் சரியில்லை."

என் வீட்டில், என் புருஷன் போட்ட தளத்தின் மேல் நின்றுகொண்டு, என்னிடம் சொல்கிறார். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கண்ணில் இருந்தது குற்றம் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை, நிஜமான வருத்தம். குட்டைக் கால்களுக்கு அடியில் மரச்சக்கை வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, டெல்மரிடம் இதைச் சொல்ல வேண்டாம், மனசு சங்கடப்படும் என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டெல்மர் வந்து மேசையைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"அவன் வீட்டு வாட்டத்துக்கு அறுத்திருக்கான். இந்தப் பக்கத்து ரெண்டு காலும் நீளம். திருப்பிப் போட்டா சரியாயிடும்."

அப்படியானால் இப்பவே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். டெல்மர் வேண்டாம் என்றார். அந்த ஆள் எட்டு மாதம் கழித்து இப்போதுதான் சிரிக்கிறான், விடு என்றார். அன்றைக்கு அவர் பேச வேண்டிய வார்த்தை அதோடு தீர்ந்துவிட்டது. மேசையைத் திருப்பிக்கூடப் போடவில்லை. வெர்லன் வந்து பார்த்து ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

மறுநாள் கடை திறந்ததும் மாடீன் வந்து நின்றாள். எதுவும் வாங்க வரவில்லை. மேசை கோணலென்று அவளுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் மேசை முட்டுக்கொடுத்து நிற்பதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"நெல்டா, உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். அவர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாத. இப்ப காலையில கராஜுக்குள்ள போனா சாயங்காலம்தான் வர்றாரு. நீ சொன்னேன்னா திரும்ப என் அடுப்படிக்கு வந்துடுவாரு."

சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரு பெண்பிள்ளை கண்ணில் தண்ணீரோடு கேட்கும்போது என்ன செய்ய முடியும். அதோடு, தளம் என்ன, உடைந்தா போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் மேசை மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. வரிசையாக வீடு வீடாகப் போயின. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேர் தூக்க, வெர்லன் ரசமட்டத்தை வைக்க, குமிழி ஓட, தொப்பி கையில் வரும். எல்லாம் டெல்மர் போட்ட தளம். வெர்லன் அவரைத் திட்டியிருந்தாலாவது நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் திட்டவே இல்லை. "டெல்மரைக் குறை சொல்லாதீங்க, முப்பத்தஞ்சு வருஷமா முட்டி போட்டு வேலை செய்யற மனுஷன், வயசாகுதுல்ல" என்று வீட்டுக்கு வீடு வக்காலத்து வாங்கினார். நாலு எதிரி சேர்ந்து செய்ய முடியாததை இந்த ஒரு மனிதர் நல்ல மனசோடு செய்து முடித்தார். பீக்கன் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் மேசை தற்செயலாக வெர்லன் வீட்டில் போட்ட திசையிலேயே அமைந்து, குமிழி நடுவில் நின்றுவிட்டது. டெல்மர் அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்கு வந்திருப்பார் என்றாராம் வெர்லன்.

ஜூன் மாதத்துக்குள் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சைத் தணித்தார்கள். வண்டி நிறுத்தத் தளம் போடுவதாக இருந்த ஒருவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருத்தி, டெல்மருக்குக் கண் பரிசோதனை செய்தாயிற்றா என்று ரொம்ப அன்பாக விசாரித்தாள். நான் அவள் வாங்கிய பெயின்ட்டில் ஒரு டப்பாவைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன். பிறகு மனசு கேட்காமல் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில்தான் எங்கள் பெத்தூவேல் பாப்டிஸ்ட் சபை, வெளியில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெரிய கொட்டகை கட்டத் தீர்மானித்தது. நாற்பதுக்கு அறுபது அடியில் தளம். அந்த வருடத்துக்கு டெல்மருக்கு அதுதான் பெரிய வேலை. அவர் கேட்காமலே அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். கட்டடக் குழுத் தலைவர், சபை நிர்வாகிகளில் ஒருவரான டீக்கன் ராஸ்கோ பெட்டஸ். அவர் வீட்டிலும் வெர்லனின் மேசை ஒன்று இருந்தது. அவர் ஒருநாள் கடைக்கு வந்து, தேவையே இல்லாமல் ஒரு பிரஷ்ஷை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவரை வரச்சொல்லியிருக்கிறோம், சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான் என்றார். சும்மா பார்க்க யாரும் நாற்பது மைல் வரமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டெல்மரிடம் சொன்னேன். சரி என்றார். சாப்பிட்டார். நான் இந்த மனிதனுக்கு ரோஷமே கிடையாதா என்று தட்டுகளைச் சத்தம் வருகிற மாதிரி கழுவினேன்.

அந்த வாரம் புதன்கிழமை கடை மூடிவிட்டு நூலகம் வழியாக வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. நூலக வாசல் நடைபாதையில் ஒருவர் மண்டியிட்டிருந்தார். ஏதோ விழுந்துவிட்டதைத் தேடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனால் டெல்மர். கையில் ரசமட்டம். அது அவர் பதினாறு வருடத்துக்கு முன்னால் போட்ட நடைபாதை. இந்தப் பக்கம் வைத்துப் பார்க்கிறார், கால் அடி நகர்த்தி மறுபடியும் வைத்துப் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து முட்டியைத் தட்டினார்.

"வாட்டம் சரியாத்தான் இருக்கு," என்றார். "இல்ல?"

முப்பத்தைந்து வருடத்தில் தன் வேலையைப் பற்றி அவர் யாரையும் கேட்டதில்லை. என்னைக் கேட்கிறார், குமிழியைப் படிக்கத் தெரியுமே தவிர தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத என்னை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், இரண்டு வாரமாக வேலை முடிந்து வரும் வழியில் பழைய தளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாடீனுக்குச் செய்த சத்தியத்தை அங்கேயே, நூலக வாசலிலேயே, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சபைக்குத் திரும்பி வரும் ஞாயிறு ஆகஸ்டில். முந்தின சனிக்கிழமை எல்லாரும் கூடிச் சுத்தம் செய்வோம். அன்றைக்கு வெர்லன் சபைக்கென்று தன் ஏழாவது மேசையைக் கொண்டுவந்தார். மற்றதைவிட இரண்டடி நீளம், பக்கவாட்டில் சபையின் பெயரைச் செதுக்கியிருந்தார். சமையல் கூடத்துக்குப் பின்னால் டெல்மர் போட்ட தளத்தில் இறக்கினார்கள். சபையின் முட்டையை மூடி தனியாக, அடி தனியாகக் கழற்றி நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். மறுநாள் முந்நூறு பேருக்கான கறி வேக வேண்டிய அடுப்பு சமையல் கூடத்துச் சுவரிலிருந்து விலகி ஒருக்களித்து நின்றது.

வெர்லன் ரசமட்டத்தை வைத்தார். தொப்பி கழன்றது. டீக்கன் ராஸ்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, போதகரைப் பார்த்து, அதனால்தான் கொட்டகைக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்து ஆளையே வைத்துக்கொள்ளலாமென்று குழு நினைக்கிறது என்றார். பத்தடி தள்ளி டெல்மர் புல்லை வாரிக்கொண்டிருந்தார். வாருகிற கை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கையிலிருந்த தக்காளி சாண்ட்விச் தட்டை மாடீனிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெல்டா, வேண்டாம்" என்றாள்.

"வெர்லன், அந்த மேசையைத் திருப்பிப் போடுங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முட்டையை இறக்குங்கள், மேசையின் இந்த முனை அந்தப் பக்கம் போகட்டும், அதே இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான் என்றேன். ஒருவரும் அசையவில்லை. வெயிலில் இரண்டாம் தடவை இருநூறு பவுண்டு தூக்க யாருக்கு மனசு வரும். நானே போய் ஒரு காலைப் பிடித்தேன். அறுபத்திரண்டு வயசுப் பொம்பளை பிடித்ததும் வெட்கப்பட்டு ஆறு பேர் வந்தார்கள். இறக்கினோம், திருப்பினோம், வைத்தோம். முட்டை நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெர்லன் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நடுவிலேயே நின்றது.

நான் விஷயத்தைச் சொன்னேன். வாட்டம் என்றால் என்ன, அவர் வீட்டுத் தளத்தில் வைத்து அறுத்தால் கால் எப்படி நீளுகிறது, எல்லாம். குரலைத் தணித்துத்தான் சொன்னேன், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு நோட்டை எடுத்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு டாக்வுட்?"

"ஆமா."

"எண்பத்தாறு செர்ச் ஸ்ட்ரீட்?"

அது டீக்கன் ராஸ்கோ வீடு. ராஸ்கோ தன் ஷூ முனையைப் பார்த்தார். வெர்லன் அவரையே பார்த்துக்கொண்டிருக்கவும், வேறு வழியில்லாமல், தன் வீட்டு மேசையை மே மாதமே திருப்பிப் போட்டுவிட்டதாகவும், வெர்லன் வருகிறார் என்றால் மட்டும் பழையபடி மாற்றி வைத்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவருக்கு மே மாதமே தெரியும். தெரிந்துகொண்டே என் புருஷன் வேலையைப் பிடுங்கிப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். கேட்டேவிட்டேன்.

"நான் என்ன செய்யறது நெல்டா?" என்றார் பரிதாபமாக. "டெல்மருக்குக் குடுத்தா வெர்லன் சொன்னது பொய்னு ஆயிடாதா?"

விசாரித்துப் பார்த்தால் அங்கே நின்ற எல்லாருக்குமே தெரிந்திருந்தது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி நாலு மாதம் இருந்திருக்கிறார்கள். கொட்டகை வேலை டெல்மருக்குத்தான் என்று ராஸ்கோ அங்கேயே, யாரும் கேட்காமலே, இரண்டு தடவை சொன்னார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

வெர்லன் காதில் இது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. நேராக டெல்மர் முன்னால் போய் நின்றார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மொதல் நாளே."

"உன் பேரைக் கெடுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஏன்யா சொல்லல?"

டெல்மர் வாருகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நீ நல்லா இருந்த," என்றார்.

வெர்லன் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மாடீன் பக்கத்தில் போய் ஐஸ் டீயைக் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். இந்த மனிதரை மறுபடி நாற்காலிக்கு அனுப்பிவிட்டேனே, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போது அவர் தலையை நிமிர்த்தினார்.

"டெல்மர், எல்லாரும் உள்ளதச் சொல்ற நாளா இருக்கு. நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன் வீட்டு முன்வாசல் நடைபாதையில, ரெண்டாவது படிக்கு முன்னால ஒரு பள்ளம். மழை பேஞ்சா தண்ணி நிக்கும். பத்தொன்பது வருஷம் என் வலது கால் சாக்ஸ் அதுல நனைஞ்சிருக்கு."

டெல்மர் போட்டதிலேயே டெல்மருக்குப் பிடித்தது அந்த நடைபாதைதான். இருபது வருடத்துக்கு முன்னால் எங்களுக்கென்று வீடு வாங்கியதும் எனக்காகப் போட்டது. சின்னச் சின்னக் கூழாங்கல் பதித்து, ஓரம் வளைத்துச் செய்திருந்தார்; அடுத்தவர் வேலையென்றால் இவ்வளவு நேரம் செலவழிக்கமாட்டார். அதில் தண்ணீர் நிற்கிறது என்றால் நம்புவாரா? எங்கள் பக்கத்தில் முன்வாசலை யாரும் உபயோகிப்பதில்லை. வீட்டு மனுஷர்கள் வண்டி நிறுத்துகிற பக்கக் கதவு வழியாகத்தான் போவோம் வருவோம். முன்வாசலுக்கு வருவது தபால்காரரும் போதகரும்தான்.

எல்லாரும் போதகரைப் பார்த்தார்கள். "நான் வந்து ஒரு வருஷந்தானே ஆகுது," என்றார் அவர். "ரெண்டு தடவைதான் நனைஞ்சேன்."

டெல்மர் வாருகோலைக் கீழே போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். நானும் வெர்லனும் ஓடிப் போய் ஏறிக்கொண்டோம். வீட்டில் இறங்கியதும் டெல்மர் தோட்டக் குழாயை இழுத்து நடைபாதையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது வழிந்து வளைந்து ஓரத்துக்கு ஓடியது. இரண்டாவது படிக்கு முன்னால் மட்டும் ஒரு பெரிய தட்டு அளவுக்கு நின்றுவிட்டது. குழாயை மூடியும் போகவில்லை. வெர்லன் அதைச் சுட்டிக் காட்டவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு உண்டு.

டெல்மர் படியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்தார். நாலு மாதம் ஊரெல்லாம் அவர் தளம் கோணல் என்று சொன்னபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை.

"இருபது வருஷம்," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கடுதாசி எடுக்க நீ இந்தக் கதவைத் தெறப்பியே. நீ பார்த்ததில்லையா?"

கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொல்கிறவள், ராஸ்கோவைப் பத்துப் பேர் முன்னால் வைத்துக் கிழித்து அரை மணி நேரம்கூட ஆகாதவள் நான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பக்கத்திலேயே வெர்லனும் நின்றுகொண்டிருந்தார்.

"பார்த்திருக்கேன்," என்றேன். "மழை பேஞ்சா கடையிலேருந்து மத்தியானம் சாப்பிட வரும்போது துடைப்பத்தால தள்ளி விட்டுருவேன். நீ அஞ்சு மணிக்கு வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

"ஒவ்வொரு மழைக்குமா?"

"ஒவ்வொரு மழைக்குந்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன், அழுவாரோ என்றும் நினைத்தேன். வெர்லன் மெல்லப் போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டெல்மர் எழுந்து, துடைப்பத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் என்றேன். உள்ளே போய் எடுத்து வந்து, அந்தத் தண்ணீரைத் தானே தள்ளிவிட ஆரம்பித்தார்.